சேலத்தில் இருந்துகொண்டே கரீபியன் கான்வென்ட் பள்ளிகளின் வரலாறு எழுதுவது எப்படி

ஏற்காட்டில் 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்டும், டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 1836-இல் தொடங்கிய செயின்ட் ஜோசப்ஸ் கான்வென்டும் ஒரே சபைக் கன்னியர் தொடங்கியவை. பிரான்சில் 1807-இல் ஆன்-மரி ஜவுஹே நிறுவிய குளூனி புனித சூசையப்பர் சபை அது. 1820களில் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனவர்கள், 1827-இல் பாண்டிச்சேரிக்கும் வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து ஏற்காடு மலை ஏற இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான். எனவே கரீபியன் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிகளைப் பற்றி ஆய்வேடு எழுத நினைக்கும் சேலம் மாணவருக்கும், தங்கள் பள்ளி மலரில் "கடல் தாண்டிய அக்காள் பள்ளிகள்" என்று ஒரு பகுதி சேர்க்க நினைக்கும் ஏற்காட்டு ஆசிரியருக்கும் பாதி வழி முன்பே தெரிந்ததுதான். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் குறிப்புகள்.

வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினால் நான்கு மாதத்தில் 64 பக்கம் தேறும். அதில் முதல் ஆறு வாரம் எழுதவே கூடாது, அட்டவணை மட்டும்.

தீவை விடுங்கள், சபையைப் பிடியுங்கள்

எல்லோரும் செய்யும் முதல் தவறு, ஒரு தீவை எடுத்துக்கொண்டு அதில் உள்ள பள்ளிகளை எல்லாம் வரிசையாக எழுதுவது. அப்படிப் போனால் தந்தி நடையில் ஒரு பட்டியல்தான் மிஞ்சும். பள்ளியைத் தொடங்கியதும், ஆசிரியரை அனுப்பியதும், கணக்கு கேட்டதும் சபை. ஆவணங்கள் போய்ச் சேர்ந்ததும் சபையின் தலைமை இல்லத்துக்குத்தான். தீவு ஆங்கிலேயரிடம் இருக்கும், பள்ளி பிரெஞ்சுக்காரருடையதாக இருக்கும், காகிதம் பாரிசில் கிடக்கும்.

முக்கியமான சபைகள் ஐந்தாறுதான். குளூனி கன்னியர்: டிரினிடாட், செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸ் (1854), கிரெனடா. தூய ஆவி சபைக் குருக்கள்: போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 1863-இல் தொடங்கிய செயின்ட் மேரிஸ் கல்லூரி, ஹெயிட்டியில் 1865-இல் தோன்றி 1871-இல் இவர்கள் கைக்கு வந்த சேன்-மார்சியால் கல்லூரி. சேசு சபை: ஹவானாவில் பெலேன் (1854), ஜமைக்காவில் செயின்ட் ஜார்ஜஸ் (1850), கயானாவில் செயின்ட் ஸ்டானிஸ்லாஸ் (1866), பெலீஸில் செயின்ட் ஜான்ஸ் (1887). இவர்களோடு ஜமைக்காவில் பிரான்சிஸ்கன் கன்னியரும் மெர்சி கன்னியரும், கயானாவிலும் பார்படாஸிலும் ஊர்சுலைன் கன்னியரும் உண்டு. "கல்லூரி" என்ற பெயரைப் பார்த்து பி.ஏ., பி.எஸ்சி. என்று நினைத்துவிட வேண்டாம், இவை பள்ளிக்கூடங்கள்.

சேலத்தில் இருந்து தொடங்குபவருக்குக் குளூனி தடம்தான் வசதி. சபையின் பழக்கவழக்கம், பதிவேட்டு முறை, பெயரிடும் முறை எல்லாம் உள்ளூரிலேயே பார்த்துப் பழகலாம். ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியை 1917-இல் தொடங்கியவர்கள் கபிரியேல் சபைச் சகோதரர்கள். அது வேறு சபை, வேறு கதை. இரண்டும் ஒரே மலையில் இருப்பதால் ஒரே அத்தியாயத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பெயர்க் குழப்பம்தான் இந்த வேலையின் முள்ளுப்பாதை. சூசையப்பர் பெயரில் பல சபைகள் உண்டு. பெங்களூரில் பள்ளி நடத்தும் தார்ப் சபையும் சூசையப்பர் பெயர் கொண்டதுதான், ஆனால் குளூனியோடு அதற்குத் தொடர்பில்லை. அயர்லாந்திலிருந்து வந்த பிரசன்டேஷன் சகோதரர்களும் கிறிஸ்தவ சகோதரர்களும் எட்மண்ட் ரைஸ் என்ற ஒரே மனிதரிடமிருந்து கிளைத்தவர்கள், 1820களில் பிரிந்துவிட்டார்கள். செயின்ட் மேரிஸ் கல்லூரி போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் உண்டு, காஸ்ட்ரீஸிலும் உண்டு. முன்னது 1863, பின்னது 1890. இதற்கெல்லாம் மேலே, டிரினிடாடில் செயின்ட் ஜோசப் என்ற பெயரில் ஓர் ஊரே இருக்கிறது, அந்த ஊரிலும் ஒரு செயின்ட் ஜோசப்ஸ் கான்வென்ட் இருக்கிறது. ஆகவே உங்கள் குறிப்பில் பள்ளியின் பெயரை ஒருபோதும் தனியாக எழுதாதீர்கள். பெயர், ஊர், சபை மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். சுருக்கமாக எழுதி, பிறகு விரித்துக்கொள்ளலாம் என்று விட்ட குறிப்புகள் மூன்றாம் மாதத்தில் காலை வாரும்.

எந்த ஆண்டு, எந்தத் தொடக்கம்

ஒரு பள்ளிக்கு ஒரு பிறந்த ஆண்டு என்பது விழா மேடைக்கு நல்லது, வரலாற்றுக்கு உதவாது. ஒரே பள்ளிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பொருளில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொடக்கத்தைச் சொல்கிறார்கள்.

200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் சேர்த்து ஏழு கட்டம் கோடு போடுங்கள்: சபையார் ஊரில் வந்து இறங்கிய ஆண்டு, முதல் வகுப்பு நடந்த ஆண்டு, சொந்த இடத்துக்கு மாறிய ஆண்டு, மேல்நிலைத் தேர்வுக்கு முதல் மாணவர் உட்கார்ந்த ஆண்டு, அரசு அங்கீகாரமோ மானியமோ கிடைத்த ஆண்டு, பெயரோ நிர்வாகமோ மாறிய ஆண்டு, கடைசியில், எந்தக் காகிதத்தில் பார்த்தீர்கள் என்பது. ஒரு பள்ளிக்கு ஒரு வரிசை. கம்ப்யூட்டரில் போடுவதானாலும் இதே ஏழு கட்டம்தான்.

ஜமைக்காவின் இம்மாகுலேட் கன்செப்ஷன் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோவிலிருந்து பிரான்சிஸ்கன் கன்னியர் கிங்ஸ்டனில் இறங்கியது 1857, பள்ளி தொடங்கியது 1858, அமெரிக்காவின் அலெகனி பிரான்சிஸ்கன் கன்னியர் வந்து சேர்ந்தது 1879. மூன்றும் மூன்று கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். இந்தக் கட்டங்கள் இல்லாவிட்டால் 1857-ஆ, 1858-ஆ என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

நான்காவது கட்டம்தான் பலர் விட்டுவிடுவது. "மேல்நிலை" என்ற சொல்லுக்கு 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய பொருள் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளையும் பதினேழு வயதுப் பெண்ணும் ஒரே கூரைக்குக் கீழே படித்தார்கள். இது எப்போது மேல்நிலைப் பள்ளி ஆயிற்று என்று கேட்டால் நம்பத் தகுந்த அளவுகோல் ஒன்றுதான்: வெளித்தேர்வு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பள்ளி மாணவருக்காக நடத்திய தேர்வு இங்கிலாந்துக்கு வெளியே முதலில் போனது டிரினிடாடுக்குத்தான், 1860களில். நூறாண்டுக்கு மேல் அந்தத் தேர்வே தீவுகளை ஆண்டது. கரீபியன் தேர்வுக் குழு 1972-இல் அமைந்து, 1979-இல் சொந்தத் தேர்வை நடத்தத் தொடங்கிய பிறகே கேம்பிரிட்ஜின் பிடி தளர்ந்தது. தேர்வு முடிவுகள் அரசிதழிலும் செய்தித்தாளிலும் அச்சாகும் என்பதால் பள்ளியின் சொந்தக் காகிதம் அழிந்திருந்தாலும் இந்தக் கட்டத்தை நிரப்ப முடியும்.

ஆங்கிலேயர் தீவில் பிரெஞ்சுக் கான்வென்ட் ஏன்

இதை விளக்காமல் எழுதிய கட்டுரை, படிப்பவருக்குப் புரியாது. டிரினிடாட் ஸ்பெயினின் தீவாக இருந்தது. ஆள் குறைந்த தீவில் குடியேறக் கத்தோலிக்கர்களுக்கு 1783-இல் ஸ்பானிய அரசாணை நிலம் கொடுத்தது. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து தோட்ட முதலாளிகள் அடிமைகளோடு வந்து நிறைந்தார்கள். 1797-இல் ஆங்கிலேயர் பிடித்தபோது ஆட்சிமொழி ஆங்கிலம், வீட்டுமொழி பிரெஞ்சு, கோயில் கத்தோலிக்கம் என்று ஆயிற்று. 1834 ஆகஸ்ட் 1-இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1838 ஆகஸ்ட் 1-இல் முழு விடுதலை கிடைத்தது. குளூனி கன்னியர் 1836-இல் பள்ளி திறந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். இந்த ஐந்து ஆண்டையும் உங்கள் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்து வரும் ஆள் சேலத்துக்காரருக்கு முன்பே அறிமுகமானவர். 1846 முதல் 1854 வரை டிரினிடாட் ஆளுநராக இருந்த ஹாரிஸ் பிரபுதான் 1854 முதல் 1859 வரை சென்னை மாகாண ஆளுநர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்திய படையின் தளபதி ஹாரிஸ் இவருடைய தாத்தா. டிரினிடாடில் பேரன் செய்தது வேறு வகைப் போர். மதபோதனை இல்லாத அரசுத் தொடக்கப் பள்ளிகளை 1851 முதல் வட்டாரந்தோறும் திறந்தார். ஆங்கிலம் பரவ வேண்டும், மதச்சண்டை ஓய வேண்டும் என்பது கணக்கு. கத்தோலிக்கர்கள் அதை மதமில்லாப் பள்ளி என்று ஒதுக்கினார்கள். 1859-இல் மேல்நிலையிலும் அதே போக்கில் குயின்ஸ் காலேஜியேட் பள்ளி வந்தது. அதற்குப் பதிலடியாகத்தான் 1863-இல் தூய ஆவி சபையின் செயின்ட் மேரிஸ் கல்லூரி.

இங்கே நம் பக்கத்தை ஒப்பிடுங்கள். ஹாரிஸ் சென்னைக்கு வந்த அதே 1854-இல் உட்ஸ் கல்வி அறிக்கை வந்தது. மதச் சபைகள் நடத்தும் பள்ளிக்கும், பாடம் ஒழுங்காக நடந்தால், அரசு மானியம் தரலாம் என்றது அது. டிரினிடாடில் 1869 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அயர்லாந்திலிருந்து வந்த பேட்ரிக் கீனன் விசாரித்து அறிக்கை கொடுத்தார். ஆளுநர் ஆர்தர் கார்டன் 1870-இல் முறையை மாற்றினார். குயின்ஸ் ராயல் கல்லூரி பிறந்தது, செயின்ட் மேரிஸ் அதோடு இணைப்புப் பெற்றது, மத நிர்வாகப் பள்ளிகளுக்கு மானியம் வந்தது. சேலம் மாவட்டத்து மிஷன் பள்ளிகளும் டிரினிடாட் கான்வென்டும் ஒரே பேரரசின் இரண்டு விதமான கணக்குப் புத்தகத்தில் வளர்ந்தன என்பதை இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளி காட்டும். இதை ஒரு பத்தியில் தள்ளிவிடாதீர்கள், நான்கு பக்கம் கொடுக்கத் தகும்.

காகிதம் எங்கே கிடக்கிறது

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனி அலுவலகக் கோப்புகள் தீவு வாரியாக எண்ணிடப்பட்டவை. அவற்றுக்கு முன்னால் சி.ஓ. என்ற எழுத்துகள் இருக்கும். டிரினிடாட் 295, ஜமைக்கா 137, பிரிட்டிஷ் கயானா 111, செயின்ட் லூசியா 253, கிரெனடா 101. இந்த எண்களை வைத்து இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். உள்ளே இருக்கும் கடிதங்களில் பெரும்பகுதியை நேரில் போய்த்தான் பார்க்க முடியும். அதனால் பட்டியலில் பார்த்ததைக் கடிதத்தைப் படித்ததாக எழுதாதீர்கள்.

வீட்டிலிருந்தே படிக்கக் கிடைப்பவை: அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் தளம் வைத்துள்ள கரீபியன் மின்னூலகம், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா என்ற மின்தொகுப்பு. காலனி அரசுகள் ஆண்டுதோறும் தயாரித்த "ப்ளூ புக்" தொகுதி கிடைத்தால் விடாதீர்கள். கல்விப் பக்கத்தில் பள்ளி, மாணவர் எண்ணிக்கை, அரசு கொடுத்த தொகை மூன்றும் கட்டம் கட்டி இருக்கும். பிரெஞ்சுத் தீவுகளுக்கு எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் கடல்கடந்த பகுதிகளுக்கான காப்பகம் இருக்கிறது.

சேசு சபைப் பள்ளிகளில் ஒரு சிக்கல்: காகிதம் தீவோடு இருக்காது, அந்தந்தக் காலத்தில் தீவைப் பொறுப்பேற்ற மறைமாநிலத்தோடு (சேசு சபையின் நிர்வாகப் பிரிவு) போகும். ஜமைக்கா செயின்ட் ஜார்ஜஸ் பள்ளியை 1850-இல் தொடங்கியவர்கள் இன்றைய கொலம்பியாவிலிருந்து துரத்தப்பட்ட ஸ்பானிஷ் பேசும் சேசு சபையார். பிறகு ஆங்கிலேய மறைமாநிலம், 1894-இல் மேரிலாண்ட்-நியூயார்க் மறைமாநிலம், 1929-இல் நியூ இங்கிலாந்து. எண்பது ஆண்டில் நாலு கை. கடிதம் போடுமுன் ஆண்டைப் பார்த்து முகவரியைத் தீர்மானியுங்கள்.

கடிதத்தில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். "உங்கள் பள்ளி வரலாறு பற்றிய தகவல் அனைத்தும் வேண்டும்" என்று எழுதினால் விழா மலரிலிருந்து இரண்டு பக்கம் வரும், அல்லது ஒன்றும் வராது. இப்படிக் கேளுங்கள்: "காஸ்ட்ரீஸ் செயின்ட் ஜோசப்ஸ் கான்வென்டில் 1854 முதல் 1864 வரை இல்லக் குறிப்பேடு இருக்கிறதா? இருந்தால் அதில் விடுதி மாணவியர் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறதா?" பள்ளி, ஊர், பத்தாண்டு, ஆவண வகை. பதில் சொல்பவருக்கு எந்த அலமாரியைத் திறப்பது என்று தெரிந்துவிடும். இரண்டு மாதம் பொறுங்கள், பிறகு ஒரு நினைவூட்டல். தொலைபேசியில் பேசுவதானால் டிரினிடாட் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 7 மணி என்றால் அங்கே காலை 9.30. ஜமைக்காவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சில காகிதம் இனி கிடைக்கவே கிடைக்காது. 1902 மே 8-இல் மார்த்தினிக்கின் பெலே எரிமலை வெடித்து சேன்-பியேர் நகரத்தையே எரித்தது. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள். தீவின் கத்தோலிக்கக் கல்விக்கு மையமாக இருந்த ஊர் அது. 1907 ஜனவரியில் கிங்ஸ்டன் நிலநடுக்கம், 1931 செப்டம்பரில் பெலீஸ் புயல், 1948 ஜூனில் காஸ்ட்ரீஸ் தீ. பெலீஸ் புயலில் செயின்ட் ஜான்ஸ் கட்டடங்களோடு குருக்களும் மாணவர்களும் போனார்கள். இந்தத் தேதிகளை நோட்டின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். ஒரு பள்ளியின் பதிவேடு திடீரென ஓர் ஆண்டில் தொடங்கினால், பள்ளி அப்போதுதான் தொடங்கியது என்று முடிவு கட்டுமுன் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

பிரெஞ்சுக் கையெழுத்து

குளூனி ஆவணங்களைப் படிக்க முழுப் பிரெஞ்சு வேண்டியதில்லை. ஐம்பது சொல் போதும், பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்த ஒருவர் கைகொடுத்தால் இரண்டு நாளில் பிடிபடும். "பான்சியோனா" என்றால் கட்டணம் கட்டும் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி. "எக்ஸ்தெர்னா" பகல் பள்ளி. "ஓர்ஃபெலினா" அநாதை இல்லம். "உவ்ருவார்" ஏழைப் பெண்களுக்கான தையல் கூடம். பாண்டிச்சேரியில் குளூனி எம்ப்ராய்டரி சென்டரைப் பார்த்தவருக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று சொல்லவே வேண்டாம். ஒரே மதில் சுவருக்குள் இந்த நான்கும் இருக்கலாம். "மாணவியர் 140" என்று ஓர் அறிக்கை சொன்னால், இந்த நாலில் எதற்கு 140 என்று கேட்காமல் மேற்கோள் காட்டாதீர்கள். மேல்நிலைக் கல்வியின் எண்ணிக்கை மூன்று மடங்கு ஊதிப்போவது இந்த இடத்தில்தான்.

அதைவிட மோசமான பொறி, தேதி. பழைய பிரெஞ்சுக் கையெழுத்தில் மாதப் பெயரைச் சுருக்கி, எண்ணைப் போட்டு அதன் தோளில் பி, ஆர், ஈ என்ற மூன்று சின்ன எழுத்தை ஏற்றிவிடுவார்கள். 7 போட்டால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். பிரெஞ்சில் ஏழு "செத்", செப்டம்பர் "செப்தாம்ப்ர்" என்ற ஒலி ஒற்றுமைதான் காரணம். 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், ரோமன் பத்து போட்டால் டிசம்பர். 8-ஐப் பார்த்ததும் ஆகஸ்ட் என்று எழுதிவிட்டால், ஆகஸ்ட் விடுமுறையில் பள்ளி திறந்ததாக உங்கள் கட்டுரை சொல்லும். அடுத்தது ஒன்றும் ஏழும். பிரெஞ்சுக்காரரின் 1-க்கு நீளமான மூக்கு உண்டு, நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும். அவர்கள் 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். கோடு இல்லாவிட்டால் அது 1 என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள வேறு தேதிகளோடு ஒத்துப் பாருங்கள்.

முதலில் உள்ளூரில் பழகுங்கள்

கரீபியன் ஆவணத்தில் கை வைக்குமுன் சேலத்துப் பதிவேடு ஒன்றில் பத்து நாள் பழகுவது நல்லது. பள்ளி நிர்வாகத்திடமோ பங்குத்தந்தையிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, படம் எடுக்கலாமா கூடாதா என்பதையும் அதிலேயே கேளுங்கள். சேலம் மறைமாவட்டம் 1930-இல்தான் உருவானது. அதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்தைச் சேலத்தில் தேடி ஏமாற வேண்டாம்; பகுதியைப் பொறுத்து பாண்டிச்சேரி, மைசூர், கும்பகோணம் பக்கம்தான் போக வேண்டும். முதல் ஆயர் ஹென்றி ப்ருனியேர் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். ஆகவே பாரிசிலும் ஒரு கண் இருக்கட்டும்.

ஏற்காட்டுக்கு ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று காய்ந்திருக்கும், பொதுத்தேர்வு அமளியும் தொடங்கியிருக்காது. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து மேலே போனால், பள்ளி அலுவலகம் பூட்டிக் கிடக்கும். அக்டோபர், நவம்பரில் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வரும். ஈரம் ஏறிய பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தால் மை மறுபக்கத்தோடு போய்விடும்.

பூஞ்சை பிடித்த பதிவேட்டைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். மென்மையான பெயின்ட் பிரஷால் தண்டுப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, ஒரே திசையில் தட்டிவிடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், வெளித் திண்ணையில் செய்யுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவது பெரும்பாவம்: பத்து ஆண்டில் பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை இன்னும் செழிக்கும். துவைத்த காடாத் துணியில் சுற்றுவது மேல். படம் எடுக்க ஃப்ளாஷ் தேவையில்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, பக்கத்துக்கு நேர் மேலே போனைப் பிடியுங்கள். ஒவ்வொரு இருபது படத்துக்கும் ஒரு முறை பதிவேட்டின் அட்டையைப் படம் எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் எந்தப் புத்தகம் என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

வாழ்ந்துகொண்டிருக்கும் யாருடைய பெயரையும், பெற்றோர் விவரத்தையும் பதிவேட்டிலிருந்து அச்சில் ஏற்றாதீர்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய வரிகள் போதும்.

யார் படித்தார்கள்

கான்வென்ட் வரலாறு எழுதுபவர்கள் கட்டடத்தையும் தலைமைக் கன்னியரையும் எழுதிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தவர்களை மறந்துவிடுவார்கள். கட்டணம் கட்டியவர்கள் முதலில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள், வணிகர் வீட்டுப் பிள்ளைகள். பிறகுதான் நிறத்திலும் வசதியிலும் அடுத்தடுத்த படியில் இருந்தவர்கள். உதவித்தொகை வந்த பிறகு வாசல் சற்று அகலமாயிற்று. செயின்ட் லூசியாவின் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் படித்த இருவர் நோபல் பரிசு வாங்கினார்கள்: பொருளியலில் ஆர்தர் லூயிஸ் (1979), இலக்கியத்தில் டெரெக் வால்காட் (1992). வால்காட் மெதடிஸ்ட் வீட்டுப் பிள்ளை. கத்தோலிக்கத் தீவில் வேறு பள்ளிக்கு எங்கே போவது?

இந்தியர் பற்றி எழுதும்போது தீவைப் பிரித்துப் பாருங்கள். டிரினிடாடுக்கு 1845 முதல் கல்கத்தாவிலிருந்தும், ஓரளவு சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதில் முந்திக்கொண்டது 1868-இல் வந்த கனடா பிரஸ்பிடேரியன் மிஷன், கத்தோலிக்கர்கள் அல்ல. தெற்கு டிரினிடாடில் படித்த இந்தியக் குடும்பங்களில் பலவற்றின் பழைய பள்ளி அந்த மிஷனின் நப்பரிமா ஆனது இதனால்தான். பிரெஞ்சுத் தீவுகளில் நிலைமை வேறு. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். காலப்போக்கில் பலர் திருமுழுக்குப் பெற்றார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பெயரைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் கண்டுபிடிக்கத் தமிழர் கண்ணும் காதும் வேண்டும். தகப்பனின் ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டிருக்கும். முத்துசாமி "மூத்தூசாமி" ஆவார், ராமசாமி "ராமாசாமி" ஆவார். அன், அப்பன் என முடியும் பெயர்கள் "இன்" என்று முடியும்: வீரப்பன் "விராபின்", நாகப்பன் "நாகாபின்", சாமிநாதன் "சாமிநாதின்". கண்ணால் தேடாமல் வாய்விட்டுப் படியுங்கள். நம் ஊர்த் திருமுழுக்குப் பதிவேட்டில் சூசை "யோசேபுஸ்" என்று இலத்தீனில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

1960, 1961, 1976

ஒரே நூற்றாண்டில் கிளைத்த பள்ளிகள் மூன்று விதமாக முடிந்தன. கியூபாவில் 1961 ஜூனில் தனியார் பள்ளிகள் எல்லாம் அரசுடைமை ஆயின. ஃபிடல் காஸ்ட்ரோவே படித்த பெலேன் பள்ளி மயாமிக்கு இடம் பெயர்ந்து அங்கே நடக்கிறது. கயானாவில் 1976-இல் அரசு எடுத்துக்கொண்டது. டிரினிடாடில் மட்டும் 1960 டிசம்பரில் எரிக் வில்லியம்ஸ் அரசும் மத அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. நிலமும் கட்டடமும் சபையிடமே இருக்கும். சம்பளம் அரசு தரும். பொதுத்தேர்வு வழியே 80 சதவீத இடம் நிரப்பப்படும். மீதி 20 சதவீதத்தை, தேர்வில் தேறியவர்களிலிருந்து தலைமை ஆசிரியர் தெரிந்தெடுக்கலாம். சேலத்து உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளியில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்த இருபது சதவீதச் சண்டையின் ருசி தெரியும். ஆனால் நம் உரிமை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவில் இருக்கிறது. அவர்களுடையது அரசு கொடுத்த உறுதிமொழியாகப் பிறந்தது. இந்த வேறுபாட்டைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

டிரினிடாடின் அந்த 1960 உடன்பாட்டுக்குப் பெயர் "கன்கார்டட்". ஹெயிட்டியிலும் ஒரு கன்கார்டட் உண்டு: 1860-இல் வத்திக்கானோடு செய்தது, குருக்களும் கன்னியரும் அங்கே பள்ளி திறக்கக் கதவைத் திறந்தது. சரியாக நூறு ஆண்டு இடைவெளி, ஒரே பெயர். தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும்.

அச்சுக்கு

டெமி 1/8 அளவில் 16 பக்கத்துக்கு ஒரு ஃபார்மா. 64 பக்கம் நாலு ஃபார்மா. 66 பக்கம் எழுதிவிட்டால் இரண்டு பக்கத்துக்காக ஐந்தாவது ஃபார்மாவுக்குக் காசு கொடுப்பீர்கள், வெட்டுங்கள். பழைய புகைப்படத்தை 300 டி.பி.ஐ.-க்குக் குறைத்து ஸ்கேன் செய்தால் அச்சில் கரியாக வரும். ஊர்ப் பெயர்களுக்கு ஒரே எழுத்துமுறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ட்ரினிடாட், மறுபக்கம் திரினிடாட் என்றால் பெயரடைவு இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டு பிரதியைத் தகவல் தந்த காப்பகத்துக்கும், ஒன்றைச் சேலம் மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுங்கள்.

ஏழு கட்ட அட்டவணையைப் பின்னிணைப்பாக அப்படியே போடுங்கள். ஆதாரம் கிடைக்காத கட்டத்தில் ஊகத்தை எழுதாமல் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டு விடுங்கள். அடுத்துத் தேடி வருபவர் பென்சிலால் நிரப்பிக்கொள்ள, கட்டத்தில் அரை அங்குலமாவது வெள்ளையாக இருக்கட்டும்.